காஞ்சி கோயிலை அளந்தவர், கற்குவையைத் திறந்தவர்: யார் இந்த அலெக்சாண்டர் ரியா?

காஞ்சிபுரம் என்றதும் நமக்கு ஞாபகத்துக்கு வருவது பட்டும் கோயிலும். ஆனால் ஊரை விட்டு வெளியே வந்து உத்திரமேரூர், செங்கல்பட்டு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போனால் வேறொரு காஞ்சி இருக்கிறது. மலையடிவாரங்களிலும் ஏரிக்கரை மேடுகளிலும் வட்டமாகக் கிடக்கும் உருண்டைப் பாறைகள்தான் அது. பார்த்தால் சும்மா கிடக்கும் கல் மாதிரிதான் தெரியும். உண்மையில் அவை கோயில்களை விடவும், பல்லவர்களை விடவும் பல நூறு ஆண்டுகள் பழைய கல்லறைகள்.

இந்த இரண்டு காஞ்சியிலும் வேலை பார்த்த ஒரு மனிதர் உண்டு. கைலாசநாதர் கோயிலைத் தூண் தூணாக அளந்து வரைபடம் போட்டதும் அவர்தான், பல்லாவரத்திலும் ஆதிச்சநல்லூரிலும் மண்ணைத் தோண்டி ஈமப்பேழைகளையும் தாழிகளையும் வெளியே எடுத்ததும் அவர்தான். பெயர் அலெக்சாண்டர் ரியா. சிலர் ‘ரீ’ என்றும் எழுதுவார்கள். அவர் அளந்த கோயில்களுக்கு இன்று காவலாளி, டிக்கெட், சுற்றுலாப் பேருந்து எல்லாம் உண்டு. அவர் திறந்த கல்லறைகளின் நிலைமை? அதைப் புரிந்துகொள்ள அவருடைய கதையே நல்ல வழி.

யார் இந்த ரியா?

1880-களில் தென்னிந்தியாவில் தொல்லியல் துறை இன்னும் தவழும் குழந்தைதான். மேற்கிந்தியாவில் குகைக் கோயில்களை ஆராய்ந்து பெயர் பெற்றிருந்த ஜேம்ஸ் பர்கஸிடம் தென்னிந்தியப் பொறுப்பும் 1881-ல் வந்து சேர்ந்தது. அவருக்கு உதவியாளராக வந்தவர் ரியா. பர்கஸ் போன பிறகு சென்னை மாகாணத்தின் தொல்லியல் வேலையைத் தலைமை ஏற்று நடத்தியதும் இவரே.

அன்றைய சென்னை மாகாணம் என்பது இன்றைய தமிழ்நாடு மட்டும் கிடையாது. ஆந்திராவின் பெரும்பகுதி, மலபார், கர்நாடகத்தின் சில மாவட்டங்கள் எல்லாம் சேர்ந்தது. அத்தனைக்கும் ஒரு சின்ன அலுவலகம். கோயிலை அளக்க வேண்டும், பௌத்த ஸ்தூபியைத் தோண்ட வேண்டும், இடியும் கட்டடத்துக்குப் பழுது பார்க்கப் பரிந்துரை எழுத வேண்டும். எல்லாமே ஒரே ஆளின் மேஜைக்கு வரும்.

ரியா ஒவ்வொன்றாகச் செய்தார். 1892-ல் ஆந்திராவின் பட்டிப்ரோலு ஸ்தூபியைத் தோண்டி, எழுத்துப் பொறித்த பேழைகளை எடுத்தார். பிராமி எழுத்தின் வரலாற்றைப் பேசும் எவரும் இன்றும் அந்தப் பேழைகளைத் தாண்டிப் போக முடியாது. அமராவதியிலும் தோண்டினார். சாளுக்கியக் கட்டடக்கலை பற்றி ஒரு நூல், டச்சுக்காரர்கள் விட்டுச்சென்ற கட்டடங்கள் பற்றி ஒரு நூல் என்று வரிசையாக எழுதினார். எழுதிய எல்லாவற்றிலும் ஒரே குணம்: அளவு, வரைபடம், பட்டியல். அலங்காரம் குறைவு.

காஞ்சியில் என்ன செய்தார்?

அந்த வரிசையில் 1909-ல் வந்தது பல்லவக் கட்டடக்கலை பற்றிய அவருடைய நூல். கைலாசநாதர், வைகுந்தப் பெருமாள், முக்தேஸ்வரர், மதங்கேஸ்வரர், ஐராவதேஸ்வரர் என்று காஞ்சியின் பல்லவக் கோயில்களை அளந்து, வரைந்து, நிழற்படங்களோடு பதிவு செய்தார். மாமல்லபுரம் அப்போதே உலகப் பிரபலம். அதே பல்லவர்கள் தங்கள் தலைநகரில் மணற்கல்லால் என்ன கட்டினார்கள் என்பதை வெளியுலகத்துக்கு விரிவாகக் காட்டியதில் இந்த நூலுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு விஷயத்தை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ரியா அத்தனை கவனமாக அளந்த கைலாசநாதர் கோயிலின் சிறு சன்னதிகளில், சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் பல்லவர் கால ஓவியங்கள் ஒளிந்திருந்தன. அவற்றை 1931-ல் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ராய். சுவர் அப்படியே நின்றதால்தான் அடுத்து வந்தவருக்கு அது கிடைத்தது.

கல்லறைப் பக்கம் எப்படி வந்தார்?

பல்லாவரம் என்றால் இன்று சந்தையும் மேம்பாலமும் விமான நிலையமும்தான். தொல்லியல்காரர்களுக்கோ அது கிட்டத்தட்ட புண்ணிய பூமி. 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் அங்கேதான் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் தொல்பழங்கால ஆய்வு தொடங்கிய இடம் அது.

அதே பல்லாவரத்தில் 1880-களில் ரியா வேறொன்றைக் கண்டார். சுட்ட மண்ணால் செய்த நீள்வடிவப் பெட்டி, அடியில் குட்டிக் குட்டியாகக் கால்கள். உள்ளே மனித எலும்புகள். இதைத்தான் இன்று ஈமப்பேழை என்கிறோம். தென்னிந்தியப் புதைவிடங்கள் பற்றி 1888-ல் வங்காள ஆசியச் சங்கத்தின் ஆய்விதழில் ரியா எழுதினார். கோயில் அளக்க வந்தவரை மண்ணுக்கு அடியில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

சரி, கற்குவைன்னா என்ன?

ஒருவர் இறந்ததும் குழி தோண்டுகிறார்கள். உள்ளே தாழி, ஈமப்பேழை அல்லது கற்பலகைகளை நிறுத்திச் செய்த அறை ஒன்று. அதில் எலும்புகள், கூடவே மட்பாண்டங்களும் இரும்புக் கருவிகளும். மேலே மண்ணும் சிறு கற்களும் கொட்டிக் குவியலாக்கி, சுற்றிலும் பெரிய பாறைகளை வட்டமாக நிறுத்துவார்கள். குவியல்தான் கற்குவை. சுற்றி நிற்பது கல்வட்டம். பலகைக் கல் அறை மண்ணுக்குள் இருந்தால் கற்பதுக்கை, மேலே தெரிந்தால் கற்திட்டை.

பல இடங்களில் முழு உடலையும் வைத்ததில்லை. உடலை முதலில் வேறெங்கோ வைத்து, பிறகு சில எலும்புகளை மட்டும் எடுத்து வந்து புதைத்திருக்கிறார்கள். அதாவது இது அவசரத்தில் நடந்த காரியம் அல்ல. டன் கணக்கில் பாறைகளை நகர்த்த ஊரே கூடியிருக்க வேண்டும்.

உள்ளே கிடைக்கும் பானைகளில் ஒரு வகை உடனே கண்ணில் படும். உள்பக்கமும் வாய்ப்பகுதியும் கறுப்பு, வெளியே கீழ்ப்பகுதி சிவப்பு. கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்று படாத இடம் கறுத்து, காற்று பட்ட இடம் சிவந்தது என்பது பரவலான விளக்கம். இதுதான் கறுப்பு-சிவப்புப் பானை.

ஊர் மக்கள் இவற்றுக்குத் தங்கள் பாணியில் பெயர் வைத்திருக்கிறார்கள். பாண்டவர் குழி, பாண்டவர் வீடு, குரங்குப் பட்டடை என்று இடத்துக்கு இடம் மாறும். யாருடையது என்று தெரியாததால் புராணத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

இலக்கியமும் இவற்றை மறக்கவில்லை. இறந்தவரை எரிப்பது, வெளியே இட்டுவிடுவது, குழியில் புதைப்பது, தாழ்ந்த இடத்தில் அடைப்பது, தாழியால் கவிப்பது என்று 5 வழக்கங்களை மணிமேகலை வரிசைப்படுத்துகிறது. அந்தக் காப்பியத்தின் நாயகி கடைசியில் வந்து சேர்ந்த ஊரும் காஞ்சிதான்.

இது புதிய கற்காலமா?

நிறைய பேர் இங்கே குழம்புவார்கள். ஐரோப்பாவில் அயர்லாந்தின் நியூகிரேஞ்ச், ஸ்காட்லாந்தின் மேஸ்ஹவ் போன்ற அறை கொண்ட கற்குவைகள் புதிய கற்காலத்தவை. சுமார் 5,000 ஆண்டுப் பழமை. அதே மாதிரி தெரிவதால் நம் ஊர்க் கற்குவைகளும் அதே காலம் என்று நினைத்துவிடுகிறோம்.

நம் ஊர்க் கல்லறைகளில் இரும்பு கிடைக்கிறது. 1947-ல் மார்ட்டிமர் வீலர் கர்நாடகத்தின் பிரம்மகிரியில் அடுக்கு அடுக்காகத் தோண்டி, கற்கோடரிக் காலத்துக்கு மேலேதான் இந்தப் பெருங்கற்காலம் வருகிறது என்று காட்டினார். ஆக, காஞ்சி வட்டாரக் கற்குவைகளை இரும்புக்காலம் என்று சொல்வதே சரி. பெருங்கற்காலம் என்ற பெயர், பெரிய கற்களைப் பயன்படுத்தியதால் வந்தது.

ஆதிச்சநல்லூர்: பெரிய வேலை, பெரிய கேள்வி

ரியாவின் பெயரை நாம் அதிகம் கேள்விப்படுவது தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரால்தான். அங்கே கற்குவை இல்லை. பரம்பு மேட்டில் முழுக்கத் தாழிகள். 1876-லேயே ஜெர்மானியர் யாகோர் அங்கே தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோய்விட்டார். 1899 முதல் 1905 வரை பல பருவங்கள் ரியா அங்கே தோண்டினார். இடுகாட்டின் பரப்பை 114 ஏக்கர் என்று குறித்ததும் அவர்தான்.

கிடைத்தவற்றின் பட்டியல் மலைக்க வைக்கும். இரும்பு வாள்கள், ஈட்டிகள், வெண்கலத்தில் எருமை, பறவை உருவங்கள் கொண்ட மூடிகள், சிறிய தாய் உருவம், நெற்றியில் கட்டும் தங்கப் பட்டங்கள். சில பானைகளில் நெல் உமியும் தினை வகை உமியும் இருந்ததையும் பதிவு செய்தார். பிறகு 1908-ஐ ஒட்டி நம் வட்டாரத்துக்குத் திரும்பி, அச்சிறுபாக்கம் அருகே உள்ள பெரும்பேரில் கல்வட்டங்களைத் திறந்தார். கால் வைத்த ஈமப்பேழைகள் அங்கேயும் கிடைத்தன. இரண்டு இடங்களின் பொருள்களுக்கும் சேர்த்து அவர் தயாரித்த பட்டியல் 1915-ல் சென்னை அரசு அச்சகத்திலிருந்து வெளிவந்தது. ஆதிச்சநல்லூர்ப் பொருள்களை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இன்றும் நீங்கள் பார்க்கலாம்.

யாகோரைப் போல ரியா நாட்டை விட்டுக் கொண்டுபோகவில்லை. புதையல் வேட்டைக்காரர்களைப் போல விற்கவும் இல்லை. எழுதி வைத்தார், அருங்காட்சியகத்தில் சேர்த்தார். இதை முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அப்போ பிரச்சினை என்ன?

கல்லறை ஒரு புத்தகம் என்றால், படிக்கும்போதே பக்கம் கிழிந்துவிடும் புத்தகம் அது. ஒரு முறைதான் படிக்க முடியும். தாழியை வெளியே எடுத்த பிறகு அது எந்த ஆழத்தில், எந்த மண்ணில், எதன் பக்கத்தில் இருந்தது என்பதைத் திரும்பப் பார்க்கவே முடியாது.

ரியாவின் காலத்தில் முக்கியம் பொருள்தான். எத்தனை வாள், எத்தனை பானை என்று எண்ணுவார்கள். மண் அடுக்கைப் படிக்கும் முறை இந்தியாவில் வேரூன்ற இன்னும் 40 ஆண்டுகள் ஆகும். கரிமக் காலக்கணிப்பு என்ற விஷயமே 1940-களின் இறுதியில்தான் வந்தது. நெல் உமியைக் கையில் வைத்திருந்தும், அது எந்த நூற்றாண்டு நெல் என்று கேட்க ரியாவிடம் வழியே இல்லை.

இப்போது ஆதிச்சநல்லூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் சிவகளைக்கு வாருங்கள். அங்கே ஒரு தாழிக்குள் கிடைத்த நெல்லை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். காலம் கி.மு. 1155 என்று வந்ததாக 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். பொருநைக் கரை நாகரிகம் 3,200 ஆண்டுப் பழமை என்ற செய்தி வந்தது அப்படித்தான். 2025 ஜனவரியில், தமிழ்நாட்டில் இரும்பின் பழமை 5,300 ஆண்டுகள் என்ற அறிவிப்பு வந்தபோதும் சிவகளை மாதிரிகளே மையத்தில் இருந்தன.

ரியாவிடம் இருந்ததும் உமி, சிவகளையில் இருந்ததும் நெல். வித்தியாசம் ஒன்றுதான். சிவகளைத் தாழி நூறு வருடம் திறக்காமல் காத்திருந்தது. ஆதிச்சநல்லூரிலேயே ரியா தொடாமல் விட்ட மண்ணில் 2004-05-ல் தி.சத்தியமூர்த்தி தலைமையில் தோண்டியபோது, நூற்றுக்கும் மேற்பட்ட தாழிகள் முறையான பதிவோடு கிடைத்தன. அங்கே இப்போது தாழிகளைத் தோண்டிய இடத்திலேயே கண்ணாடிக்கு அடியில் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள்.

கைலாசநாதர் ஓவியக் கதையும் இதேதான். அன்றைய கண்ணுக்குத் தெரியாதது அடுத்த தலைமுறையின் கண்ணுக்குத் தெரிந்தது. பாதுகாப்பு என்பது பழசைப் பூட்டி வைப்பது அல்ல. நம்மை விட நல்ல கருவி வைத்திருக்கப் போகிறவருக்காக விட்டு வைப்பது.

ரியாவுக்குப் பிறகு காஞ்சி வட்டாரத்தில்?

1940-களில் வி.டி.கிருஷ்ணசுவாமி பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுக்கச் சுற்றி, இந்தக் கல்லறைகளை வகை பிரித்தார். எது கற்குவை, எது கற்பதுக்கை, எது கற்திட்டை என்று இன்று நாம் சரளமாகச் சொல்ல 1949-ல் வெளிவந்த அவருடைய கட்டுரை ஒரு முக்கியக் காரணம். 1950-லும் 1952-லும் சானூரில் அகழாய்வு நடந்தது. 1950-களின் பிற்பகுதியில் குன்னத்தூரில் நடந்தது. மத்திய தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் நாடு முழுக்க 3,600-க்கும் மேல். அதில் பழைய காஞ்சிபுரம் மாவட்டப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், கோயில்களோடு சேர்ந்து வரிசையாகக் கற்பதுக்கைகளும் கற்குவைகளும் வரும். 2019-ல் மாவட்டம் பிரிந்த பிறகு இவற்றில் பெரும்பாலானவை செங்கல்பட்டுப் பக்கம் போய்விட்டன.

சட்டம் என்ன சொல்லுது?

ரியா பணியில் இருந்தபோதே, 1904-ல் பழைய சின்னங்களைக் காக்கும் சட்டம் வந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1958-ம் ஆண்டுச் சட்டமும் அதன் 2010 திருத்தமும். சுருக்கமாக:

- பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. புதுக் கட்டடம் கூடாது. ஏற்கெனவே உள்ள வீட்டைப் பழுது பார்க்க அனுமதி வாங்க வேண்டும்.
- அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் அனுமதியோடு கட்டலாம்.
- சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.
- மாநிலத் தொல்லியல் துறையின் சின்னங்களுக்கு 1966-ம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டம் தனியாக உண்டு.
- மண்ணுக்கு அடியில் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். இது 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டம். இன்னமும் அமலில் இருக்கிறது.

கோயிலுக்கும் கற்குவைக்கும் ஒரே சட்டம், ஒரே 100 மீட்டர். ஆனால் நடைமுறை ஒன்றாக இல்லை. கோயிலில் ஒரு கல் பெயர்ந்தால் ஊரே கேட்கும். கற்குவையின் கல் பெயர்ந்தால் கேட்க ஆளில்லை. கும்பிட வருபவர் இல்லை, திருவிழா இல்லை, கல்வெட்டில் பெயரும் இல்லை. குவாரி, சாலைக்கு மண் எடுப்பது, மனைப்பிரிவு, இரவில் வரும் புதையல் ஆசாமி என்று எல்லோருக்கும் அது வெறும் கல்மேடு. ஜேசிபி ஒன்று இருந்தால் ஒரே காலையில் ஒரு இடுகாடே காணாமல் போகும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பழைய பல்லாவரம் போன்ற இடங்களில், பாதுகாக்கப்பட்ட மேட்டுக்குப் பக்கத்தில் வசிப்பவர்கள் மாடி எடுக்கக்கூட முடியாமல் தவிக்கிறார்கள். சின்னம் என்ன, எல்லை எங்கே என்று புரியாத குடும்பத்துக்கு அது வெறும் தொல்லை. அவர்கள் கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. வேலி போட்டு, நீல போர்டு நட்டுவிட்டுப் போனால் மட்டும் பாரம்பரியம் பிழைக்காது. அந்த வட்டத்துக்குள் யார் இருக்கிறார், ஏன் முக்கியம் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். எல்லைக் கல் எது, அனுமதி எங்கே வாங்குவது என்று அந்த வீட்டுக்காரருக்கும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

நமக்கு இதுல என்ன வேலை?

ஒரகடம், மறைமலைநகர், சிறுசேரி பக்கம் வேலை பார்ப்பவரா நீங்கள்? அங்கேயே மனை வாங்கும் யோசனை இருக்கிறதா? வில்லங்கச் சான்று பார்ப்பது போலவே, பக்கத்தில் பாதுகாக்கப்பட்ட சின்னம் இருக்கிறதா என்றும் பாருங்கள். 300 மீட்டருக்குள் இருந்தால், கட்டும்போது தெரிந்துகொள்வதை விட வாங்கும்போது தெரிந்துகொள்வது நல்லது. விற்பவர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்.

வார இறுதியில் மலையேறப் போகும்போது வட்டமாக நிற்கும் பாறைகளைப் பார்த்தால், படம் எடுங்கள், லொகேஷனைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லை நகர்த்த வேண்டாம், பானை ஓட்டை எடுத்து வர வேண்டாம். தோண்டுவதைப் பார்த்தால் விஏஓ-விடமோ, கலெக்டர் அலுவலகத்திலோ, தொல்லியல் துறையிலோ சொல்லுங்கள்.

ரியா காஞ்சியில் அளந்த கோயில்களைக் கட்டியவர்களின் பெயர் நமக்குத் தெரியும். ராஜசிம்மன், நந்திவர்மன் என்று பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். பெரும்பேரிலும் பல்லாவரத்திலும் அவர் திறந்த பேழைகளில் இருந்தவர்களுக்குப் பெயர் கிடையாது. ஆனால் இந்த மண்ணில் முதலில் இரும்பை அடித்தவர்களும், ஏரிக்கரையில் முதலில் குடியேறியவர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம். அதைச் சொல்லப்போகும் கல்லறைகள் இன்னும் சில மூடியே கிடக்கின்றன. அவற்றைத் திறக்கும் நாள் வரும்போது, அவை அங்கே இருக்க வேண்டும்.